மைனஸ் ஒன்றும் நான் போட்ட கட்டமும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் கணித ஆசிரியத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. என்னிடம் படித்தவன் இன்று டாக்டர், இன்னொருத்தி வெளிநாட்டில் இருக்கிறாள், கடைத்தெருவில் பார்த்து ஓடிவந்து காலில் விழுந்தான் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். எனக்கும் அப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் சமர்த்து, நான் இல்லாவிட்டாலும் முன்னுக்கு வந்திருப்பார்கள். அதனால் அவர்களை விட்டுவிடுகிறேன்.

நான் மார்தட்டிக்கொள்வது வேறு ஒன்றுக்கு. ஒரு பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியில் பூச்சியம் போட்டேன். அந்தப் பூச்சியத்தை எப்படித் திரும்ப எடுத்தேன் என்பதுதான் என் பணிக்காலத்தில் நான் செய்த உருப்படியான கணக்கு. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெருமையும் அதிகம். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தூரத்தில் பார்த்தால், படித்து முடித்துப் பத்து வருஷமான ஆண்பிள்ளைகள்கூடக் கையிலிருக்கும் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். போர்டில் நான் எழுதியது தப்பென்று யாரும் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதும் இல்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்குத் தெரிய இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

என் முதல் வேலை இராமேஸ்வரத்தில். நேர்மாறு சார்பை நடத்த அதைவிடத் தோதான ஊர் கிடையாது. செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் கொடுக்கிறார்களே, அதுதான் பாடம். ஒரு ஜோடிக்கு ஒரு டோக்கன். டோக்கனை நீட்டினால் அதே ஜோடி திரும்ப வரவேண்டும். இரண்டு ஜோடிக்கு ஒரே டோக்கனைக் கொடுத்துவிட்டால், வெளியூர்க்காரர் எதைப் போட்டுக்கொண்டு ரயிலேறுவார்? அதனால்தான் சார்பு ஒன்றுக்கொன்றாக இருக்க வேண்டும். யாருக்கும் கொடுக்காத டோக்கனை ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் எந்தச் செருப்பை எடுத்துக் கொடுப்பது? அதனால்தான் மேற்சார்பாகவும் இருக்க வேண்டும். லாட்ஜும் சங்குக்கடையும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நேர்மாறு என்றால் சும்மா திரும்பி வருவதில்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது.

பிறகு மாறுதலாகி உள்ளே ஒரு கிராமத்துக்கு வந்தேன். இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நெல், மிளகாய், அதை விட்டால் கருவேலங்காடு. இரண்டு வேலையை அடுத்தடுத்துச் செய்தால், அதன் நேர்மாறில் வரிசை தலைகீழாகும் என்பதற்குக் காலுறை, ஷூ என்று உதாரணம் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளில் காலுறை போட்டவர் யார்? நான் மிளகாய் மூட்டையைச் சொல்வேன். முதலில் சாக்கின் வாயைத் தைக்கிறோம். அப்புறம் மேலே கயிறு கட்டுகிறோம். பிரிக்கும்போது எது முதலில்? "கயிறு டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். வருஷா வருஷம் கத்த வைத்தேன். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

ஓய்வுக்குச் சில வருஷம் இருக்கும்போது நடந்தது இது. பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் ஒரே வினாத்தாளைப் பயன்படுத்துவோம். முறை வைத்து ஒருவர் தயாரித்து, ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போடுவோம். அந்த முறை என்னுடையது. மாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே கடைசிக் கேள்வியைச் செல்போனில் தட்டினேன். பஸ் வந்துவிட்டது. அனுப்பிவிட்டு ஏறிவிட்டேன்.

கேள்வி இது. விகிதமுறு எண்களின் கணத்தில் a * b = a + b + ab என வரையறுக்கப்பட்டால், ஒவ்வோர் உறுப்புக்கும் எதிர்மறை உறுப்பு உண்டு என நிறுவுக.

நட்சத்திரம் ஒரு புதுமாதிரிக் கூட்டல், அவ்வளவுதான். இரண்டு எண்ணையும் கூட்டி, அவற்றின் பெருக்கலையும் சேர்க்க வேண்டும். இதில் பூச்சியம் ஒன்றும் செய்யாது. எதோடு சேர்ந்தாலும் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடும். ஓர் எண்ணோடு எதைச் சேர்த்தால் பூச்சியத்துக்கு வந்து நிற்குமோ, அது அந்த எண்ணின் எதிர்மறை. ஒன்றுக்கு எதிர்மறை மைனஸ் அரை. இரண்டுக்கு மைனஸ் மூன்றில் இரண்டு. இப்படி எல்லாவற்றுக்கும் கிடைக்கும், ஒன்றைத் தவிர. மைனஸ் ஒன்றோடு b-யைச் சேர்த்துப் பாருங்கள். −1 + b − b. நீங்கள் எதைக் கொண்டுவந்தாலும் அது தின்றுவிட்டு மைனஸ் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கும். பூச்சியத்துக்குத் திரும்ப அதற்கு வழியே கிடையாது. அதனால்தான் புத்தகத்தில் "−1 நீங்கலாக" என்று இரண்டு சொல் இருக்கும். பஸ் அவசரத்தில் நான் விட்டது அந்த இரண்டு சொல்லைத்தான்.

என் வகுப்பில் எல்லோரும் வழக்கமான விடையை மனப்பாடமாக எழுதி வைத்திருந்தார்கள். காளீஸ்வரி மட்டும் எழுதவில்லை. மிளகாய் போடுகிற வீட்டுப் பெண். அதிகம் பேச மாட்டாள். கணக்குப் போடும்போது நாக்கைக் கடைவாயில் கடித்துக்கொள்வாள். அவள் தாளில் மூன்றே வரி இருந்தது. கடைசி வரி, "எனவே கேள்வி தவறு."

மேலே இருந்த இரண்டு வரியையும் நான் படிக்கவில்லை. உங்களிடம் ஒளிப்பானேன்? "கேள்வி தவறு" என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. யாருடைய கேள்வி? என்னுடைய கேள்வி! சிவப்புப் பேனாவால் பூச்சியம் போட்டேன். சின்னப் பூச்சியமில்லை, அரைப்பக்கப் பூச்சியம்.

தாள்களைக் கொடுத்த அன்று ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்திருந்தார். மூன்றாம் பாடவேளையில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த நேரம். கொஞ்சம் காட்டுவோமே என்று இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "யாரு வந்து போர்டுல போடுறீங்க?" என்றேன்.

காளீஸ்வரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அத நிறுவ முடியாது."

"ஏன்த்தா முடியாது?"

"மைனஸ் ஒண்ணுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

நான் முடிக்க விடவில்லை. "பாடத்தப் படிக்காதவுகளுக்கு உலகத்துல எதையுமே நிறுவ முடியாதுத்தா. உக்காரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் அலுவலரும் சிரித்தார். அவள் உட்கார்ந்தாள். நான் திரும்பிப் போர்டில் விறுவிறுவென்று எழுதினேன். மேலே −a போட்டு, ஒரு கோடு இழுத்து, கீழே 1 + a என்று எழுதி முடிக்கும்போது என் கை நின்றது. கீழே இருக்கிற 1 + a பூச்சியமானால்? a மைனஸ் ஒன்றானால்?

அதிகம் போனால் மூன்று மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பஸ் தெரிந்தது, செல்போன் தெரிந்தது, அந்த மூன்று வரித் தாள் தெரிந்தது. திரும்பி நின்று, "அந்தப் புள்ள சொன்னதுதான் சரி" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பதவி உயர்வுக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அது இல்லை. இத்தனை வருஷமாக யாரும் சொல்லாததை, இப்போதுதான் சிரித்து உட்கார வைத்த பெண்ணுக்காக நானே சொல்வதா என்று தோன்றியது. கீழே "எனவே நிறுவப்பட்டது" என்று எழுதினேன். அதைச் சுற்றி நான்கு பக்கமும் அழுத்தமாகக் கட்டம் போட்டேன்.

பொய் சொல்லாதவர் யார்? ஆனால் ஒரு கணக்கு வாத்தியார், தப்பென்று தெரிந்த பின்னால் "நிறுவப்பட்டது" என்று எழுதுவது வேறு சாதிப் பொய். அலுவலர் போகும்போது ஆய்வுப் பதிவேட்டில் எழுதினார்: "கணிதப் பாடம் தெளிவாகவும் பிழையின்றியும் நடத்தப்பட்டது." பிழையின்றியும்! தலைமை ஆசிரியர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மறுநாள் காளீஸ்வரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மிளகாய்ப் பழம் பறிக்கிற பருவம். ஆள் கிடைக்காத ஊர். ஒரு நாள் நின்ற பிள்ளையை மிளகாய்க்காடு பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த புதன்கிழமை செய்முறைத் தேர்வு. அதை எழுதாவிட்டால் பொதுத்தேர்வில் மற்ற எல்லாம் எழுதியும் பிரயோசனமில்லை, அந்த வருஷம் போச்சு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வருஷம் போன பெண், அடுத்த வருஷம் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் திக்கென்றது. உடனே தவறைச் சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினேன். எப்படி? அவள் பெஞ்சிலேயே விட்டுப்போயிருந்த தாளை எடுத்து, பூச்சியத்தை அடித்து, ஐந்துக்கு ஐந்து போட்டேன். மதிப்பெண் பதிவேட்டிலும் யாருக்கும் தெரியாமல் திருத்தினேன். அவள் ஊரிலிருந்து வருகிற தோழியைக் கூப்பிட்டு, மார்க் போட்டாச்சு, வரச்சொல் என்று சொல்லியனுப்பினேன். அந்தப் பெண் மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"மார்க்கு வேணாமாம் டீச்சர். வரலயாம்."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. தப்பு செய்தவள் நான், கோபமும் எனக்கே! அப்படித்தான் இருந்தேன். சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே மிளகாய்க் களம். சிவப்பாகப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். காற்றில் நெடி ஏறி, போனவுடன் நான்கு தும்மல் தும்மினேன். காளீஸ்வரியும் அவள் அம்மாவும் சொத்தைப் பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா எழுந்து, தலைத்துண்டை உதறி, உட்காரச் சாக்கை விரித்துப் போட்டார். காளீஸ்வரி தலையைத் தூக்கவில்லை.

நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சைப் பேசினேன். கேள்வியில் சின்னப் பிழை இருந்தது, கவனித்துவிட்டேன், மார்க் போட்டுவிட்டேன், பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம், எனக்குக் கோபமில்லையாம். அப்படித்தான் சொன்னேன்.

அவள் அம்மா முழுவதையும் கேட்டார்.

"நல்லதுங்க டீச்சர். இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. ஆனா அன்னைக்கு எம் புள்ளைய நாப்பது பேரு முன்னால சொன்னீக. இன்னைக்கு இங்கன, மொளகாக் களத்துல வந்து ரகசியமாச் சொல்றீக. எங்க சொன்னீகளோ அங்கன சொல்லிட்டு வந்திருந்தா, நீங்க வரவே வேண்டியதில்லயே? அவளே வந்திருப்பாளே."

அப்போதுதான் காளீஸ்வரி பேசினாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அவுக சிரிச்சதுக்கு இல்ல டீச்சர். ஒங்க கை நின்னுச்சு."

"என்னது?"

"கீழ ஒண்ணு பிளஸ் a எழுதுறப்ப ஒங்க கை நின்னுச்சு. ஆகா, டீச்சருக்குத் தெரிஞ்சிருச்சு, இப்ப சொல்லிருவாகன்னு நெனச்சேன். எனக்கு அம்புட்டு சந்தோசம். அப்பறம் நீங்க கட்டம் போட்டீங்க."

சொல்லிவிட்டு ஒரு சொத்தைப் பழத்தை எடுத்துத் தூரப் போட்டாள்.

தம்பிகளே, தங்கைகளே, பாடத்தை எப்படி நடத்துவது என்று உங்களுக்கு ஆயிரம் பயிற்சி கொடுப்பார்கள். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். போர்டுக்கு முகத்தைக் காட்டி, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது நம்மை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறோம். அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார்கள். கை எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

களத்திலிருந்து "வாரேன்" என்று கிளம்பினேன். நான் வெளியேறும்போது அவள் அம்மா எடைக்காக ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த கயிற்றை அவிழ்த்தார். அப்புறம் தையல் நூலை இழுத்தார். நின்று பார்த்தேன். வருஷா வருஷம் நான் நடத்திய பாடம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது, நான் ஒரு மாட்டுவண்டி மாதிரி அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நான் செய்தது ஒரு தவறில்லை, அடுக்கடுக்காக ஐந்து. முதலில் கேள்வியைத் தப்பாக எழுதினேன். பிறகு பூச்சியம் போட்டேன். பிறகு கேலி செய்தேன். பிறகு கட்டம் போட்டேன். பிறகு "பிழையின்றி" என்ற பாராட்டை வாயை மூடி வாங்கிக்கொண்டேன். இவற்றில் நான் திருத்தப் பார்த்தது இரண்டாவதை மட்டும். கயிறு மேலே கட்டியிருக்க, தையலை இழுத்திருக்கிறேன். பிறகு ஏன் மூட்டை பிரியும்? கடைசியாகச் செய்ததிலிருந்து வர வேண்டும். அது அலுவலர் எழுதிய அந்த வரி.

திங்கள் காலை இராமநாதபுரத்தில் அவர் அலுவலகத்துக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கை நின்றதையும் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து, −1 + b − b என்று எழுதிப் பார்த்தார்.

"நானும் கணக்குதான் டீச்சர்" என்றார். "பின்னால ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எனக்கே தெரியலயே. இத வெளிய சொன்னா நான் எழுதுனதுக்கு என்ன மரியாத?"

"ஒங்க மரியாதைக்கு நான் பொறுப்பு சார். பிழை என்னோடதுன்னுதான் எழுதப்போறேன்."

"எழுதப்போறீங்களா? எங்க?"

"பதிவேட்டுல. நீங்க எழுதுனத அடிச்சிருங்க, இல்லன்னா நான் கீழ எழுதிக்கிறேன்."

"அடிக்கவெல்லாம் முடியாது. அது ரெக்கார்டு. பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "புரமோஷன் லிஸ்ட்ல இருக்கீங்க. யாரும் கேக்காத ஒண்ண எதுக்குங்க எழுதணும்? புள்ளைய வரச்சொல்லி தனியாப் பேசிருங்க. முடிஞ்சுபோச்சு."

"தனியாப் பேசிட்டுத்தான் சார் வாரேன். அது செல்லல."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆக, நான் எழுதுனதும் மைனஸ் ஒண்ணு. எதச் சேத்தாலும் மாறாது."

"மாறாது சார். ஆனா பக்கத்துல வேலி கட்டலாம்ல? நீங்கலாகன்னு போடலாம்ல?"

"போங்க, எழுதுங்க" என்றார். "தமிழ்லயாச்சும் பிழையில்லாம எழுதுங்க."

பள்ளிக்கு வந்து பதிவேட்டைக் கேட்டேன். ஆசிரியர் அதில் எழுதுவது வழக்கமில்லை. தலைமை ஆசிரியர் பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர்த்தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். நான் அலுவலருடைய வரிக்குக் கீழே எழுதினேன்: "மேற்படி பாடத்தில் நான் நிறுவியது தவறு. −1க்கு எதிர்மறை உறுப்பு இல்லை. மாணவி காளீஸ்வரி சொன்னதே சரி. எழுதும்போதே எனக்குத் தெரியும்." கையெழுத்துப் போட்டேன். கடைசி வாக்கியத்தை எழுதும்போது பேனா நிற்கப் பார்த்தது, நான் விடவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்கவும் இல்லை. ஆசிரியையாகச் சேர்ந்தேன், ஆசிரியையாக வீட்டுக்கு வந்தேன். அந்தப் பதிவேட்டில் என் பெயர் இருக்கிற ஒரே இடம் அந்த நான்கு வாக்கியம்தான். அது போதும் எனக்கு.

செவ்வாய்க்கிழமை, அதே மூன்றாம் பாடவேளை. அதே கேள்வியைப் போர்டில் எழுதினேன். அதே விடை, அதே கோடு, அதே "எனவே நிறுவப்பட்டது". அதே மாதிரிக் கட்டம் போட்டேன். பிள்ளைகள் நான் திருப்புதல் செய்கிறேன் என்று நோட்டைத் திறந்தார்கள்.

"மூடுங்க" என்றேன். "இந்தக் கட்டம் பொய். மைனஸ் ஒண்ணப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெஞ்சாகத் தலை நிமிர்ந்தது. நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. "டீச்சர், அப்ப காளீஸ்வரி அன்னைக்குச் சொன்னது கரெக்டா?"

"கரெக்ட். அன்னைக்கே கரெக்ட்." இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எனக்கு அது அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் கட்டம் போட்டேன். அவளப் பாத்து நீங்க சிரிச்சது என்னால. அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் நின்ற அதே மேடையில் முதல் தடவையாக மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டஸ்டரைத் தேடாமல், உள்ளங்கையாலேயே கட்டத்தையும் "நிறுவப்பட்டது" என்பதையும் மேலே இருந்த விடையையும் அழித்தேன். மார்க் இருக்கிறதே, அதை ஏற்கெனவே திருட்டுத்தனமாகப் போட்டிருந்தேன் இல்லையா? அதை அடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி மறுபடி ஐந்து போட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள். வரிசை வரிசைதான்.

மீதி இருந்தது ஐந்தில் முதலாவது, கேள்வி. அதைத் திருத்த அன்றே எனக்குக் கை அரித்தது. ஆனால் திருத்தவில்லை. தப்பான கேள்வியை அப்படியே போர்டில் விட்டு, ஓரத்தில் "அழிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டு வந்தேன். காளீஸ்வரியின் ஊர்த் தோழி அன்று மாலை பஸ்ஸில் ஏறும்போது ஓட்டமாக ஓடியதை மட்டும் பார்த்தேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கே வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரைக்குச் செய்முறைத் தேர்வு. ஒன்பது ஆனது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ரெக்கார்டு நோட்டோடு லேபுக்குப் போனார்கள். ஒன்பதே காலுக்கு வாசலில் நிழல் தெரிந்தது. காளீஸ்வரி. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். களத்து மிளகாய் ஏறி விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் கையால் அழித்த தடம் வெள்ளையாக அங்கே இருந்தது. அதையும் பார்த்தாள்.

நான் சாக்பீஸை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டு போர்டுக்குப் போனாள். "விகிதமுறு எண்களின் கணத்தில்" என்ற இடத்தில் ஒரு கொக்கி போட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினாள்: −1 நீங்கலாக. எழுதும்போது நாக்கு கடைவாய்க்குப் போயிருந்தது.

"இப்ப நிறுவலாம் டீச்சர்" என்றாள்.

அதைச் செல்போனில் படம் எடுத்து எங்கள் ஆசிரியர் குழுவில் போட்டேன். "கேள்வி என்னுடையது. திருத்தம் காளீஸ்வரியுடையது" என்று எழுதினேன். அப்புறம் தெரிந்தது, மற்றப் பள்ளிகளிலெல்லாம் கேள்வியும் பிழை, விடையும் பிழை, எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து. ஒருவருக்கும் உறைக்கவில்லை. அத்தனை பள்ளிகளில் மைனஸ் ஒன்றைக் கண்டுபிடித்தது என் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் என்று நான் பீற்றிக்கொள்வேன், இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறேன். அவள் இப்போது என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறாள். அதைக் காட்டிப் பெருமையடிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

நான் படம் அனுப்பி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அவள் விடையையும் எழுதி முடித்திருந்தாள். கீழே 1 + a, பக்கத்தில் "பூச்சியம் ஆகாது" என்று ஒரு குறிப்பு, கடைசியில் "எனவே நிறுவப்பட்டது". சாக்பீஸோடு என் பக்கம் திரும்பினாள்.

"கட்டம் போடட்டுமா டீச்சர்?"

"போடுத்தா" என்றேன்.

நான்கு பக்கமும் அழுத்தமாகப் போட்டாள். கை எங்கேயும் நிற்கவில்லை. பெல் அடித்தது. விரலில் சாக்பீஸ் தூளோடு லேபைப் பார்த்து ஓடினாள்.